இரண்டாவது மொட்டை வேண்டாம்

என் மனைவியின் தலையில், இடது காதுக்கு மேலே, நெல்லிக்காய் அளவுக்கு முடியில்லாத ஓர் இடம் இருந்தது. கல்யாணமான மூன்றாம் வருஷம்தான் அதை நான் பார்த்தேன். அதுவரை அதன் மேல் முடியை வாரிப் போட்டு, கிளிப் குத்தி, பூவையும் வைத்து மறைத்திருக்கிறாள். பார்த்ததும் புழுவெட்டு என்று நானே முடிவு கட்டிவிட்டேன். எங்கள் பக்கம் புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம்தான் வைத்தியம். தினமும் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பு ஒரு வெங்காயத்தை நறுக்கி அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்துவிடுவேன். அவள் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருப்பாள். இரண்டு வருஷம் தேய்த்தேன். ஒரு மாதம் பூனை முடி போல முளைக்கும், அடுத்த மாதம் வழவழவென்று ஆகிவிடும். வெங்காயத்தில் காரம் போதவில்லை என்று நாட்டு வெங்காயமாகத் தேடி வாங்கினேன்.

நான் அரூரிலிருந்து மலையடிவாரத்து ஊர்களுக்கு ஓடும் ஒரு மினி பஸ்ஸில் கண்டக்டர். படிப்பு பத்தாவதோடு சரி. மிச்சத்தையெல்லாம் பஸ்ஸில் ஏறியவர்களிடம் கேட்டுத்தான் படித்தேன். கொய்யாக்கூடைக்கு லக்கேஜ் கேட்டால்கூட ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டுத்தான் சில்லறையை எடுப்பார்கள் எங்கள் சனங்கள். அப்படி ஊர் வாயையெல்லாம் காதில் வாங்கியவனுக்கு, வீட்டுக்குள் ஒருத்தி வாய் திறக்காமல் இருந்தது தெரியவில்லை.

ஒரு நாள் பஸ் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. சோதனைக்குப் போயிருந்தது. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். டிவியில் ஏதோ சீரியல். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இடது கை காதுக்கு மேலே போய், விரல் நுனி ஒவ்வொரு முடியாகத் தடவித் தேர்ந்தெடுக்கிறது, ஒன்றைப் பிடிக்கிறது, சுண்டி இழுக்கிறது. கண் டிவியிலேயே இருக்கிறது. இழுத்த முடியை உதட்டில் ஒரு தடவை தேய்த்துவிட்டுக் கீழே போடுகிறாள், கை மறுபடியும் மேலே போகிறது. பக்கத்தில் பால்வாடிக்குப் போகும் எங்கள் மகள். அவளும் அதே மாதிரி காதுக்கு மேலே கையைக் கொண்டுபோய், ஒன்றுமில்லாததைப் பிடித்து இழுத்து உதட்டில் தேய்த்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

நான் செருப்பைக் கழற்றிய சத்தத்தில் என் மனைவி திரும்பினாள். முதலில் என்னைப் பார்த்தாள், பிறகு மகளின் கையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"வெங்காயம் எல்லாம் வீண் மாமா," என்றாள். "புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. நான்தான்."

அன்றைக்குச் சொன்னாள். ஏழாவது படிக்கும்போது ஆரம்பித்ததாம். ஏதோ ஒரு முடி மட்டும் மற்றதைவிடத் தடிப்பாக, கம்பி மாதிரி விரலில் தட்டுப்படும். அதைக் கண்டுபிடித்து எடுக்கும்வரை உள்ளே ஒரு நமநமப்பு. எடுத்தால் ஒரு நிமிஷம் நிம்மதி, அப்புறம் அடுத்தது. பல நாள் கை மேலே போனதே தெரியாது, மடியில் கிடக்கும் முடியைப் பார்த்துத்தான் தெரியும். அவள் அம்மா கரண்டியால் விரலில் அடித்திருக்கிறாள். "கையக் கட்டி வெக்க முடியல உனக்கு? திமிருடி, வேற ஒண்ணும் இல்ல" என்பது அந்த வீட்டில் தினசரிப் பாட்டு.

"வலிக்காதா?" என்று கேட்டேன்.

"வலிச்சிருந்தா எப்பவோ உட்டிருப்பனே."

"அப்புறம் என்னாத்துக்கு ரெண்டு வருசம் என்னைத் தேய்க்க உட்ட?"

"நீங்க அவ்ளோ ஆசையா தேய்ச்சீங்க. நான்தான்னு எப்படிச் சொல்றது?"

எங்கள் பஸ்ஸில் தினமும் ஏறும் ஒரு நர்ஸம்மாவிடம், யாருக்கோ என்பதுபோல விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா டிக்கெட்டை வாங்கிக்கொண்டே, "தோல் டாக்டர் வேணாம்ங்க, மனசு டாக்டருகிட்ட கூட்டிட்டுப் போங்க உங்க வூட்டுக்காரம்மாவ," என்றார். வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னேன். என் மனைவி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "திமிருக்கு மருந்து கெடையாது. பைத்தியம்னாலும் அதுக்கு மருந்து இருக்குதில்ல? போலாம் மாமா," என்றாள். அந்தத் துணிச்சல் எனக்கு இல்லை. தர்மபுரி போகும் வழியெல்லாம் தெரிந்த முகம் யாராவது ஏறுகிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனது நான்தான்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண். தலையைப் பார்த்துவிட்டு, அவள் சொன்னதை இடையில் குறுக்கிடாமல் கேட்டார். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, இது நிறையப் பேருக்கு இருக்கிறது, முக்கால்வாசிப் பேர் உங்களைப் போல மறைத்துக்கொண்டு திரிகிறார்கள் என்றார். மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்லச் சில ரசாயனங்கள் உண்டு. அதில் செரோட்டோனின் என்று ஒன்று. அது கொஞ்ச நேரம் கூடுதலாகத் தங்கி வேலை செய்யும்படி ஒரு மாத்திரை எழுதித் தந்தார்.

"மனசு இறுக்கத்துக்கு இது நல்லாக் கேக்கும்மா. முடி பிடுங்குறதுக்குச் சில பேருக்குத்தான் கேக்கும். உங்களுக்குக் கேக்குதான்னு பாக்கலாம்."

அதே வாரம் என் அம்மா தன் பங்குக்கு ஒரு வேலை செய்தாள். விஷயம் காதில் விழுந்ததும் தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டாள். "மாத்திர அது பாட்டுக்கு இருக்கட்டும். மருமவ முடிய அந்தத் தீர்த்தகிரியானுக்குக் குடுத்துரலாம். புதுசா மொளைக்கிறது சுத்தமா மொளைக்கும்" என்றாள். என் மனைவி மறுக்கவில்லை. மலைமேல் தீர்த்தத்தில் நனைந்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி இறங்கி வந்தாள். முடியில்லாத அந்த இடம் மற்ற இடத்தோடு ஒன்றாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பின் அவள் கிளிப் இல்லாமல் கடைவீதியில் நடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு மாதம் வீட்டில் திருவிழாதான். ஒரு முடிகூடக் கீழே விழவில்லை. அம்மா சாமி என்றாள். நான் மாத்திரை என்றேன். அடுத்த வீட்டம்மா, தான் சொல்லிக்கொடுத்த வெங்காயம் இப்போதுதான் வேலை செய்கிறது என்றார். டாக்டரிடம் மறுபடி போனபோது நான்தான் முந்திக்கொண்டு, "சூப்பராக் கேக்குது மேடம்," என்றேன்.

"எங்க கேக்குது?" என்றாள் என் மனைவி. "வெள்ளாமையே இல்லாத காட்டுல ஆடு மேயலன்னு ஆட்டப் பாராட்டுறாரு இவரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"விரலுக்குப் புடிக்கவே முடி இல்லீங்க மேடம். அப்புறம் எதைப் புடுங்குறது? கை இன்னும் அங்கதான் போவுது. தடவிப் பாக்குது, ஒண்ணும் இல்லன்னு எறங்கிடுது. இது மாத்திரையா, மொட்டையான்னு எனக்கே தெரியல."

நான் வருஷக்கணக்காகப் பழமொழி சேர்த்தவன். காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதையை ஆயிரம் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என் வீட்டுப் பனைமரத்தில் காக்கா உட்கார்ந்ததைப் பார்த்தவள் அவள்.

"சரி," என்றார் டாக்டர். "வெள்ளாமை வளரட்டும்."

வளர்ந்தது. விரல் பிடிக்கும் அளவுக்கு வந்த வாரத்திலேயே ஆடு மேயத் தொடங்கிவிட்டது. அதே இடம்தான். மாத்திரை தவறாமல் போட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அம்மா அசரவில்லை. "மொதத் தடவ கேட்டுச்சில்ல? மறுக்கா ஒரு மொட்டையப் போடுவோம். வருசத்துக்கு ஒண்ணு போட்டாலும் என்ன இப்போ?"

"வேணாங்கத்தை."

"சாமிக்குக் குடுக்குறதுக்கு என்னடி கணக்கு? மயிரக் கட்டி மலைய இழுக்கிறது. வந்தா மலை, போனா மயிரு!"

"போற மயிரு என்னுதுங்கத்தை."

நான் சிரித்துவிட்டேன். அம்மா என்னை முறைத்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. முறத்தை ஓரமாக வைத்துவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"சாமி மேல கோவம் இல்லத்தை. மொட்டை போட்டா நல்லா இருக்கிற மாதிரி தெரியும், அவ்ளோதான். எனக்கு அது பத்தாது. மருந்து கேட்டுச்சுன்னா இது வியாதி. கேக்கலன்னா எங்கம்மா சொன்னதுதான் நெசம், என் திமிரு. ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியணும். முடி தலையில இருக்கணும், கை சும்மா இருக்கணும், அப்பவும் அது போவாம நிக்கணும். அப்பத்தான் ஒத்துக்குவேன்."

அம்மாவுக்குப் பாதி புரிந்தது. "என்னமோ பண்ணு, வக்கீலம்மா," என்று எழுந்து போனாள். எனக்கு முழுக்கப் புரிந்தது. ஏழாவது வகுப்பிலிருந்து அவள் தன்மேல் ஒரு வழக்கு நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் பழைய மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். வேறொன்று சொன்னார். தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரை. சளியை இளக்கக் கொடுப்பதுதான், ஆனால் மூளையில் குளூட்டமேட் என்ற ரசாயனத்தைச் சரிக்கட்டவும் அது உதவக்கூடும் என்றார். குளூட்டமேட் நரம்பைத் தூண்டி, 'செய், செய்' என்று சேதி அனுப்புவது.

"ரெண்டு விசில் மாதிரியா மேடம்?" என்றேன். "ஒரு விசில் அடிச்சா வண்டி நிக்கும், ரெண்டு அடிச்சா போகும். இவளுக்கு ரெண்டு விசில் ஓயாம அடிச்சுக்கிட்டே இருக்குது?"

டாக்டர் சிரித்தார். "அவ்ளோ நேரா இல்ல. எங்களுக்கே பாதிதான் தெரியும். ஆனா இப்போதைக்கு அப்படியே வெச்சுக்கங்க. சில பேருக்கு இது கேக்குது, சில பேருக்குக் கேக்கல. யாருக்குக் கேக்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. ரெண்டு மூணு மாசம் பொறுக்கணும். நாளைக்கே ஆரம்பிக்கலாம்."

"நாளைக்கு வேணாங்க மேடம்," என்றாள் என் மனைவி. "புளி முடியட்டும்."

மாசி, பங்குனியில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் புளி. மண்டிக்காரர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். பெண்கள் ஓடு தட்டி, நாரெடுத்து, கொட்டை நீக்கிக் கொடுப்பார்கள். காலையிலிருந்து பொழுது சாயும்வரை இரண்டு கையிலும் புளி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கையைத் தலைக்குக் கொண்டுபோக முடியாது. வருஷா வருஷம் புளிக் காலத்தில் மட்டும் தனக்கு முடி வளருவதை அவள் சின்ன வயதிலிருந்து கவனித்து வைத்திருக்கிறாள். வெங்காயத்துக்கு நான் எடுத்துக்கொண்ட பெருமையெல்லாம் புளிக்குச் சேர வேண்டியது.

"இப்ப ஆரம்பிச்சா, நின்னது மாத்திரையிலயா புளியிலயான்னு மறுபடியும் கொழப்பம்ங்க."

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் புளி சமாச்சாரமும் ஒரு மருந்துதாம்மா. கை மேல போகும்போது அதுக்கு வேற வேலை குடுக்கிறது. உண்மையச் சொன்னா, இதுக்கு மொதல்ல பாக்குற வைத்தியமே அந்தப் பயிற்சிதான். ஒரு புளியங்கொட்டைய மடியில வெச்சுக்கங்க. கை கெளம்பினதும் அதை எடுத்து உருட்டுங்க," என்றார்.

"அதையும் சேர்த்துக் குடுத்தா எது கேட்டுச்சுன்னு எப்படிங்க தெரியும்?"

"உங்களுக்கு நல்லாகணுமா, ஆராய்ச்சி பண்ணணுமா?"

"ரெண்டும்ங்க மேடம்."

முதல் இரண்டு மாதம் மாத்திரை மட்டும், அப்புறம் கொட்டை என்று ஒத்துக்கொண்டார்கள். இரண்டு பெண்களும் ஏதோ நிலம் பேசி முடித்ததுபோல முகம் மலர்ந்திருந்தார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

சித்திரையில் ஆரம்பித்தாள். டம்ளரில் மாத்திரையைப் போட்டால் புஸ்ஸென்று பொங்கும், வீடெல்லாம் அழுகின முட்டை நாற்றம். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். "சளி மாத்திரைக்கு முடி நிக்குமாடா? எவன்டா உங்களுக்குச் சொன்னான்?" என்பாள் அம்மா. என் மனைவி ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்ப்பாள். தினசரி காலண்டரில் அன்றன்று கிழிக்கும் தாளின் பின்பக்கம், எத்தனை தடவை கை போனது, எத்தனை முடி வந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எழுதுவாள். எழுதிய தாளைச் சமையல்கட்டுக் கம்பியில் குத்திவிடுவாள். பொய் எழுதலாம், யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு தாளில் "நாப்பத்தி ரெண்டு. கரண்ட் இல்ல. சும்மா உக்காந்திருந்தேன்" என்று எழுதியிருந்ததை நானே பார்த்தேன். தன் மானக்கேட்டை இவ்வளவு சுத்தமான கையெழுத்தில் எழுதிய ஒருத்தரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆறு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. எனக்கு மனசு விட்டுப்போயிற்று. "பேசாம அம்மா சொன்ன மாதிரி…" என்று ஒரு நாள் இழுத்தேன்.

"ரெண்டு மாசம்னு பேச்சு. இன்னும் பதினஞ்சு நாள் இருக்குது," என்றாள்.

அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் அது வந்தது. இடி இடித்து வரவில்லை. ஒரு சாயங்காலம் அவள் கீரை ஆய்ந்துகொண்டே, ஏதோ தூரத்துச் சத்தத்தைக் கேட்பவள் போலச் சொன்னாள்: "மாமா, கை மேல போவுது. ஆனா போறது எனக்குத் தெரியுது."

"முன்ன தெரியாதா?"

"முன்ன பத்து முடி வந்தப்புறந்தான் தெரியும். இப்ப நடுவுல ஒரு எடம் இருக்குது. நிக்கலாமா வேணாமான்னு ஒருத்தர் கேக்குற மாதிரி."

பெரிய பெரிய சொற்களையெல்லாம் டாக்டரிடம் கேட்டிருந்தேன். அந்த 'நடுவுல ஒரு எடம்' அளவுக்கு அதில் எதுவும் எனக்குத் தெளிவாக விளங்கியதில்லை. அதற்கப்புறம் கொட்டை சேர்ந்தது. நடுவில் கிடைத்த அந்த இடத்தில் கை இறங்கிக் கொட்டையை எடுத்துக்கொள்ளும். கம்பியில் குத்திய தாள்களில் எண்கள் இறங்கின. முழுக்க நின்றதில்லை. காய்ச்சல் வந்தபோதும், அவள் தம்பி கல்யாணப் பேச்சு முறிந்தபோதும் ஏறி ஏறி இறங்கின. ஆனால் இடது காதுக்கு மேலே முடி வளர்ந்தது. மொட்டையடித்ததால் வந்த முடி இல்லை. தலையிலேயே இருந்து, கைக்குத் தப்பிய முடி.

எனக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. ஐப்பசியில் டாக்டரிடம், "மேடம், கொட்டை அப்படியே இருக்கட்டும். மாத்திரைய மட்டும் நிறுத்திப் பாக்கலாமா?" என்றாள்.

நான் குறுக்கே விழுந்தேன். "நல்லா ஓடுற வண்டியை எதுக்குடி நிறுத்தற?"

"நல்லா ஓடுதா, எறக்கத்துல உருளுதான்னு தெரிய வேணாமா?"

டாக்டர் யோசித்தார். இந்த மாத்திரையைத் திடீரென்று விடுவதால் ஆபத்து இல்லை, ஆனால் திரும்ப ஆரம்பித்தால் பலன் தெரிய மறுபடியும் நாளாகும், முடி போகக்கூடும், அதையும் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். "யோசிச்சுட்டுத்தாங்க வந்தேன்," என்றாள்.

இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வாரம் தாளில் எண்கள் ஏறின. கொட்டை மடியிலேயே கிடந்தது, கை அதைத் தாண்டிப் போய்விட்டது. "நடுவுல இருந்த எடம் மூடிக்கிச்சு மாமா," என்றாள். அழுவாள் என்று பார்த்தேன். மாதக்கணக்கில் வளர்த்த முடி போய்க்கொண்டிருக்கிறது. அவள் முகத்திலோ, பரீட்சையில் கணக்குக்கு விடை சரியாக வந்த பிள்ளையின் வெளிச்சம். அடுத்த நாளே புஸ்ஸென்று டம்ளர் பொங்கியது.

மறுபடியும் அந்த இடம் திறந்த பிறகு, போன மாதம் டாக்டரிடம் போனோம். தாள்களையெல்லாம் கட்டாகக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"மேடம், மாத்திரை கேக்குதுங்க. போட்டா நிக்குது, உட்டா வருது. அப்ப இது வியாதிதான? என் திமிரு இல்ல?"

டாக்டர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசித் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த மாத்திரை கேக்காத ஆளுங்க என்கிட்ட நிறையப் பேர் வர்றாங்க. அவங்களுக்கு இருக்கிறது திமிரா?"

மேஜையில் கலைந்த தாள்களை என் மனைவி அடுக்கத் தொடங்கினாள்.

"கேக்காம போயிருந்தாலும் இது வியாதிதாம்மா. மருந்து கேக்குறதும் கேக்காததும் உங்க குணத்துக்குச் சர்டிபிகேட் இல்ல. நீங்க வந்த மொத நாளே எனக்கு அது தெரியும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மொரப்பூரில் வண்டி நின்றது. நான் முறுக்கு வாங்கிக் கொடுத்தேன், வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி மறுபடி கிளம்பியபோது என் பக்கம் திரும்பினாள்.

"மொத நாளே தெரியுமாம். அப்பவே சொல்லியிருக்கலாம் அந்தம்மா."

"சொல்லியிருந்தா?"

முறுக்கை இரண்டாக உடைத்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினாள்.

"நம்பியிருக்க மாட்டேன்," என்றாள்.